‘பேக் அப்’: துணை நிற்பதா, பின்னால் நகர்வதா?

வாசகர் கேள்வி – பதில்

‘பேக் அப்’ என்ற ஒரே வினையைப் பற்றி வாசகர்கள் தனித்தனியாகக் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் எளிதில் பிடிபடும்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருநெல்வேலி): ஐயா, எங்கள் பாடத்தில் ‘கேன் யூ பேக் அப் யுவர் ஸ்டேட்மென்ட்?’ என்று ஒரு வாக்கியமும், ‘பேக் அப் த கார்’ என்று இன்னொரு வாக்கியமும் வருகின்றன. ஒன்றில் ஆதரவு, மற்றதில் பின்னோக்கி நகர்தல். ஒரு வினைக்கு இப்படித் தொடர்பே இல்லாத இரண்டு பொருள்கள் எப்படி வந்தன?

பதில்: தொடர்பு இருக்கிறது, அது முதுகில் இருக்கிறது. ‘பேக்’ என்றால் முதுகு என்பது உங்களுக்குத் தெரியும். ஒருவருடைய முதுகுப் பக்கமாக நின்று அவர் சாய்ந்துவிடாமல் தாங்குவது ஒரு கிளை. தன் முதுகு இருக்கும் திசையில் தானே நகர்வது மற்றொரு கிளை. முதல் கிளையில் ஆதரவு, ஆதாரம், மாற்று ஏற்பாடு ஆகிய பொருள்கள் வளர்ந்தன. இரண்டாவது கிளையில் வண்டியைப் பின்னால் எடுப்பது, தண்ணீர் எதிர்த்து வருவது, பேச்சில் சற்றுப் பின்னால் போவது ஆகியவை வளர்ந்தன.

முதல் கிளையைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ‘பேக் அப்’ செய்கிறவர் எப்போதும் இரண்டாவது ஆள். அவருக்கு முன்னால் வேறொருவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்க வேண்டும். ஊர்க்கூட்டத்தில் அண்ணன் எழுந்து, வாய்க்காலை யார் அடைத்தார்கள் என்று சொல்கிறார். நாலு பேர் அவரை மடக்குகிறார்கள். அப்போது தம்பி எழுந்து, ‘அண்ணன் சொல்வது உண்மை, நானும் அங்கேதான் இருந்தேன்’ என்கிறார். இதுதான் ‘ஹிஸ் பிரதர் பேக்டு ஹிம் அப்’. அண்ணன் ஊரிலேயே இல்லாதபோது அவருக்காகத் தம்பி முதலிலிருந்து கடைசிவரை பேசினால் இந்த வினை பொருந்தாது. அதற்கு ‘ஸ்போக் அப் ஃபார் ஹிம்’ என்பார்கள்.

தாங்குகிறவர் ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை, பொருளாகவும் இருக்கலாம். ‘ஷி பேக்டு அப் ஹர் கிளெய்ம் வித் ரெசீட்ஸ்’ என்றால், சொன்னதற்கு ரசீதுகளைக் காட்டி மெய்ப்பித்தாள் என்று பொருள். உங்கள் பாடத்தில் வரும் கேள்வியும் இதுவே: ‘நீ சொல்வதற்கு ஆதாரம் உண்டா?’ செய்வினையில் ‘வித்’ வரும்; செயப்பாட்டு வினையில் பெரும்பாலும் ‘பை’ வரும். ‘ஹர் கிளெய்ம் இஸ் பேக்டு அப் பை டாகுமென்ட்ஸ்’ என்பது பிந்தியதற்கு எடுத்துக்காட்டு.

‘அப்’ இல்லாத வெறும் ‘பேக்’ என்னும் வினையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு வேட்பாளரை ஆதரிப்பது, ஒரு தொழிலுக்குப் பணம் போடுவது, குதிரைப் பந்தயத்தில் ஒரு குதிரை மீது பணம் கட்டுவது ஆகிய மூன்றுக்கும் வெறும் ‘பேக்’ போதும். ‘த பேங்க் பேக்டு த ப்ராஜெக்ட்’ என்றால் வங்கி திட்டத்துக்குப் பணம் கொடுத்தது. அதே இடத்தில் ‘அப்’ சேர்த்தால், யாரோ ஏற்கெனவே சொன்னதற்கோ செய்ததற்கோ வங்கி பின்னாலிருந்து உறுதி சேர்த்தது என்ற சாயல் வந்துவிடும். ‘யாரை நம்புகிறாய்?’ என்ற கேள்விக்கு விடை ‘பேக்’. ‘யார் சொன்னதை உறுதிப்படுத்துகிறாய்?’ என்ற கேள்விக்கு விடை ‘பேக் அப்’. தேர்வு எழுதும்போது இந்த வேறுபாடு கைகொடுக்கும்.

கேள்வி (புகைப்படக் கலைஞர், கும்பகோணம்): கல்யாண வீட்டில் முகூர்த்தம் முடிந்ததும், மெமரி கார்டை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றச் சொல்வதற்காக ‘பேக்கப்!’ என்றேன். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் விளக்குகளை அணைத்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார். அவர் சில காலம் சினிமாவில் இருந்தவர். யார் மீது தவறு?

பதில்: இருவர் மீதும் இல்லை. சினிமாப் படப்பிடிப்பில் அன்றைய வேலை முடிந்ததும் எழும் குரல் நாம் பேசிவரும் முதுகு ‘பேக் அப்’ அன்று. அது மூட்டை கட்டுவதைக் குறிக்கும், ஆங்கிலத்தில் வேறோர் எழுத்தில் தொடங்கும் வேறொரு வினை, அதாவது ‘பேக்கிங்’ என்னும் சொல்லுக்குத் தாய். தமிழில் ‘ப’ என்ற ஓர் எழுத்தே உதடு ஒட்டிப் பிறக்கும் இரண்டு ஆங்கில ஒலிகளுக்கும் வேலை செய்வதால், மூட்டை கட்டுவதும் நகல் எடுப்பதும் எழுத்தில் ‘பேக்கப்’ என்றே நின்றுவிடுகின்றன. முதுகு, பை, மூட்டை, ரொட்டி சுடுவது என நான்கு ஆங்கிலச் சொற்களைத் தமிழில் ‘பேக்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ‘கார்டை ஏத்திடு’ என்று தமிழில் சொல்லிவிடுங்கள், விளக்கு எரியும்.

ஒரு வார்த்தை கூடுதலாக. கார்டிலிருந்து மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு உடனே கார்டை அழித்துவிட்டால், அது ‘பேக்கப்’ ஆகாது; படம் இடம் மாறியது, அவ்வளவுதான். மூலம் ஓரிடத்திலும் நகல் வேறோர் இடத்திலும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் ஒன்றுக்குப் பின்னால் மற்றொன்று நிற்கிறது. கணினித் துறையினர் 3-2-1 என்று ஒரு விதி சொல்வார்கள்: மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும். ஒரே மேசையில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு, மழைத் தண்ணீர் கடைக்குள் புகும்போதுதான் மூன்றாவது எண்ணின் அருமை தெரியும்.

கேள்வி (வங்கி ஊழியர், கோயம்புத்தூர்): விடுப்பில் போவதற்கு முன் சக ஊழியருக்கு ‘ப்ளீஸ் பேக் அப் மீ ஆன் மண்டே’ என்று மின்னஞ்சல் அனுப்பினேன். வாக்கியம் முழுவதும் தவறு என்கிறார் மேலாளர். முழுவதுமா?

பதில்: மன்னிக்கவும், ‘ப்ளீஸ்’ என்பதையும் ‘ஆன் மண்டே’ என்பதையும் தவிர மற்றவை தவறுதான்.

முதலாவது, சொல் வரிசை. ‘பேக் அப்’ பிரியக்கூடிய வினை. பெயர்ச்சொல் வந்தால் இரண்டு விதமாகவும் சொல்லலாம்: ‘பேக் அப் யுவர் மேனேஜர்’, ‘பேக் யுவர் மேனேஜர் அப்’. ஆனால் ‘மீ’, ‘ஹிம்’, ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘பேக் மீ அப்’, ‘பேக் இட் அப்’. ‘பேக் அப் மீ’ என்பது ஆங்கிலக் காதுக்கு நெருடும். இதற்கு நேர்மாறானது ‘ஸ்டாண்ட் பை’. அதைப் பிரிக்கவே முடியாது, ‘ஸ்டாண்ட் பை மீ’ என்றுதான் வரும். இந்த இரண்டையும் ஒரே வாய்ப்பாடாக மனப்பாடம் செய்வதால்தான் குழப்பம் வருகிறது.

இரண்டாவது, பொருள். நீங்கள் கேட்க நினைத்தது, நான் இல்லாத நாளில் என் வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பது. அதற்கான வினை ‘கவர்’: ‘குட் யூ கவர் ஃபார் மீ ஆன் மண்டே?’ ‘பேக் மீ அப் ஆன் மண்டே’ என்று திருத்தி எழுதினாலும், திங்கட்கிழமைக் கூட்டத்தில் நான் ஏதோ சொல்லப் போகிறேன், நீங்கள் ஆமாம் போட வேண்டும் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். விடுப்பில் இருக்கும் நீங்கள் அந்தக் கூட்டத்தில் எப்படிப் பேசுவீர்கள் என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார். விடுப்புக் கடிதத்தில் ‘மை பேக்கப் இஸ்…’ என்று தொடங்கி ஓர் ஆளின் பெயரைப் போடுவது நம் அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. பெயர்ச்சொல்லாக அதில் பிழை இல்லை.

இன்னொன்றையும் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிறேன்: ‘பேக் அப் டு மீ’, ‘பேக் அப் ஃபார் மீ’. தமிழில் ‘எனக்கு ஆதரவாக’ என்று நான்காம் வேற்றுமை வருவதால், அந்தக் ‘கு’வுக்கு ஈடாக ஒரு ‘டு’வையோ ‘ஃபார்’ஐயோ நாம் தேடுகிறோம். ஆங்கிலத்தில் இந்த வினை நேராகச் செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் தரகர் வேண்டாம். எந்த விஷயத்தில் ஆதரவு என்று சொல்ல வேண்டுமானால் ‘ஆன்’ சேர்க்கலாம்: ‘ஷி பேக்டு மீ அப் ஆன் த லோன் இஷ்யூ.’

கேள்வி (கணினிப் பயிற்சி மைய ஆசிரியர், ஈரோடு): ஒரே சொல்லாக எழுதுவதா, இரண்டு சொல்லாக எழுதுவதா, நடுவில் கோடு போடுவதா? மாணவர்கள் ‘பேக்கப்டு’ என்று இறந்தகாலம் எழுதுகிறார்கள்.

பதில்: வினையாக வந்தால் இரண்டு சொல், பெயராகவோ பெயருக்கு முன் அடையாகவோ வந்தால் ஒரே சொல். நடுவில் கோடு போட்டுப் பெயர்ச்சொல்லை எழுதுவது பிரிட்டிஷ் பதிப்புகளில் இன்னும் தென்படுகிறது. தவறில்லை, ஆனால் வினைக்குக் கோடு கூடாது. ஐயம் வந்தால் இறந்தகாலத்துக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘ஐ பேக்டு அப் த ஃபைல்ஸ்’ என்று காலம் காட்டும் விகுதி ‘பேக்’கோடு ஒட்டுவதால், அங்கே இரண்டு சொல் இருப்பது தானாகவே தெரிந்துவிடும். ‘பேக்கப்டு’ என்பது அதே காரணத்தால் பிழை.

உச்சரிப்பிலும் இந்த வேறுபாடு உண்டு. பெயராக வரும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். வினையாக வரும்போது ‘அப்’ மீது நகரும். ‘செட் அப்’, ‘பிரேக் டவுன்’ முதலியவற்றுக்கும் இதே போக்குத்தான்.

தமிழ்ப் பேச்சில் நாம் பெயர்ச்சொல்லை மட்டும் கடன் வாங்கி, அதோடு ‘எடு’ சேர்த்து ‘பேக்கப் எடு’ என்கிறோம். திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த ‘எடு’ கூடவே வந்து ‘டேக் எ பேக்கப்’ ஆகிறது. இதையும் பிறர் புரிந்துகொள்வார்கள். ‘மேக் எ பேக்கப்’ என்பது கூடுதலாக வழங்குவது. தமிழில் ‘காப்புப்பிரதி’ என்ற சொல் கைப்பேசி அமைப்புகளில் நிலைபெற்றுவிட்டது, நல்ல சொல்லும்கூட. காக்கும் பிரதி என்று அதன் வேலையையே சொல்லிவிடுகிறது.

கைப்பேசி விற்கும் கடைகளில் ‘பேட்டரி பேக்கப் எவ்வளவு நேரம் வரும்?’ என்று கேட்கிறோமே, அதை வெளிநாட்டில் கேட்காதீர்கள். கைப்பேசிக்கு அதன் மின்கலமே முதல் மூலம். அதற்கு முன்னால் வேறெதுவும் இல்லை. அதனால் அங்கே ‘பேட்டரி லைஃப்’ என்பார்கள். மின்வாரியத்தின் மின்சாரம் நின்றதும் தொடங்கும் இன்வெர்ட்டருக்குத்தான் ‘பேட்டரி பேக்கப்’ பொருந்தும்.

கேள்வி (கிரிக்கெட் ரசிகர், மதுரை): பந்துவீச்சாளர் முனையில் நிற்கும் ஆட்டக்காரர் கோட்டைத் தாண்டிச் செல்வதை ‘பேக்கிங் அப்’ என்று வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள். அவர் முன்னால் அல்லவா போகிறார்?

பதில்: அருமையான கேள்வி. இந்த இடத்தில் ‘பேக்’ திசையைக் குறிக்கவில்லை, துணையைக் குறிக்கிறது. பந்தை அடிக்கப்போகிற ஆட்டக்காரர் முதல் ஆள். எதிர்முனையில் நிற்பவர் அவர் எடுக்கப்போகும் ஓட்டத்துக்குத் துணைபோகும் இரண்டாம் ஆள். ஓட்டத்துக்குத் தயாராக இரண்டு அடி முன்னே நகர்வது அந்தத் துணையின் பகுதி. அதனால் கால் முன்னே போனாலும் வினை ‘பேக்கிங் அப்’தான்.

இந்தத் துணை அளவு மீறும்போது என்ன ஆகும் என்பதற்குப் பெயர்பெற்ற நிகழ்ச்சி, 1947 டிசம்பரில் சிட்னியில் நடந்த டெஸ்ட். பந்து கையை விட்டுப் போகும் முன்பே ஆஸ்திரேலியாவின் பில் பிரவுன் கோட்டை விட்டு வெளியேறியபோது, இந்தியப் பந்துவீச்சாளர் வினூ மன்கட் பந்தை வீசாமல் குச்சியைத் தட்டி அவரை ரன் அவுட் ஆக்கினார். அதே பயணத்தில் அதற்கு முன் நடந்த ஓர் ஆட்டத்தில், எச்சரித்த பிறகு அதே பிரவுனை அதே முறையில் அவர் ஆட்டமிழக்கச் செய்திருந்தார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் சில மன்கட்டின் ஆட்டப் பண்பைக் குறை கூறின. அப்போது எதிரணித் தலைவராக இருந்த டான் பிராட்மன், பிற்பாடு எழுதிய தன்வரலாற்றில் மன்கட்டின் பக்கம் நின்றார்: விதி தெளிவாக இருக்கிறது, மிக முன்னதாகவோ மிகத் தொலைவாகவோ ‘பேக் அப்’ செய்கிறவர் நியாயமற்ற சலுகையைப் பெறுகிறார் என்பது அவர் வாதத்தின் சாரம். பிரவுன் ‘பேக் அப்’ செய்ததைக் குறை சொல்லி, பிராட்மன் மன்கட்டை ‘பேக் அப்’ செய்தார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதலாம். இரண்டு இடத்திலும் வினை சரியாகவே அமையும்.

அந்தச் சர்ச்சை அதோடு முடியவில்லை. 2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டத்தில் சென்னைக்காரரான ரவிச்சந்திரன் அஸ்வின் ஜோஸ் பட்லரை இப்படி வெளியேற்றியபோதும், 2022 செப்டம்பரில் லார்ட்ஸ் மைதானத்தில் தீப்தி சர்மா சார்லி டீனை வெளியேற்றியபோதும் பழைய வாதங்களே திரும்பி வந்தன. விதிகளை வகுக்கும் எம்.சி.சி., நியாயமற்ற ஆட்டம் பற்றிய 41-ஆம் விதியிலிருந்து இதை எடுத்து, ரன் அவுட் பற்றிய 38-ஆம் விதிக்கு மாற்றியது. 2022 அக்டோபர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து வழக்கமான ஆட்டமிழப்புகளோடு சேர்த்தது சரியே என்பது என் எண்ணம். ஓட்டத்தை முன்கூட்டியே திருடுகிறவரைப் பிடிப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கிரிக்கெட்டில் இந்த வினைக்கு இன்னொரு வேலையும் உண்டு. எல்லைக்கோட்டிலிருந்து ஒருவர் குச்சியை நோக்கி எறியும்போது, பந்து தவறினால் பிடிப்பதற்காக மற்றொரு வீரர் குச்சிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் நிற்பார். அதுவும் ‘பேக்கிங் அப்’தான். அவர் அங்கே இல்லாவிட்டால் வீண் ஓட்டங்கள் போகும். அவர் வேலையைச் சரியாகச் செய்தால் பெரும்பாலும் யாரும் அவரைக் கவனிக்க மாட்டார்கள்.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): அமெரிக்காவில் இருக்கும் என் மகள் தொலைபேசியில் ‘டிராஃபிக் பேக்டு அப்’ என்கிறாள், ‘சிங்க் பேக்டு அப்’ என்கிறாள். ஆதரவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நேரடிச் சம்பந்தம் இல்லை, இது நான் முதலில் சொன்ன இரண்டாவது கிளை. போக வேண்டிய ஒன்று முன்னே போக முடியாமல், வந்த திசையிலேயே தேங்கி நிற்பதையோ திரும்பி வருவதையோ இது குறிக்கும். சமையலறைத் தொட்டியின் குழாய் அடைத்துக்கொண்டு கழுவிய தண்ணீர் மேலே வந்தால் ‘த சிங்க் இஸ் பேக்டு அப்’. சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றால் ‘டிராஃபிக் இஸ் பேக்டு அப்’. அந்த வரிசையை இங்கிலாந்தில் ‘டெயில்பேக்’ என்பார்கள். சென்னையில் பெருமழையின்போது கடல் மட்டம் உயர்ந்திருந்தால், அடையாற்றிலும் கூவத்திலும் வெள்ளம் கடலுக்குள் வடிய முடியாமல் மழைநீர் வடிகால்கள் வழியே தெருவுக்குத் திரும்புகிறதே, அதை ஆங்கிலத்தில் சொல்ல இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. சாப்பிட்டவுடன் படுத்தால் வரும் எதுக்களிப்பையும், வயிற்று அமிலம் உணவுக்குழாயில் ‘பேக்ஸ் அப்’ என்றே மருத்துவர்கள் விளக்குவார்கள்.

காரைப் பின்னால் எடுப்பதற்கும் உங்கள் மகள் ‘பேக் அப்’ என்றுதான் சொல்வார். பிரிட்டிஷ் வழக்கும் அதைப் பின்பற்றிய நம் வழக்கும் ‘ரிவர்ஸ்’. அங்கே வண்டியின் பின்புறம் எரியும் வெள்ளை விளக்குக்கும் ‘பேக்கப் லைட்’ என்று பெயர். உதிரியாக வைத்திருக்கும் விளக்கு என்று எண்ணிவிடாதீர்கள்.

பேச்சின் நடுவே ஒருவர் ‘லெட்ஸ் பேக் அப் எ லிட்டில்’ என்றால், கொஞ்சம் முன்னே சொன்ன இடத்துக்குத் திரும்பிப் போவோம் என்று அர்த்தம்.

கேள்வி (அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்பவர், தருமபுரி): ‘பேக் அப்’ ஆதரவு என்றால், ‘பேக் டவுன்’ எதிர்ப்பா?

பதில்: இல்லை. ‘பேக் டவுன்’ என்றால் பிடித்த பிடியை விட்டுக்கொடுத்து இறங்கி வருவது. ‘பேக் அவுட்’ என்றால் ஒப்புக்கொண்டதிலிருந்து பின்வாங்குவது, நிச்சயம் செய்த நிலத்தைக் கிரயத்தன்று வேண்டாம் என்பதுபோல. ‘பேக் ஆஃப்’ என்றால் விலகி நிற்பது; அதட்டலாகச் சொன்னால் ‘தள்ளிப் போ’.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்): ‘பேக் அப்’, ‘ஸ்டாண்ட் பை’, ‘ப்ராப் அப்’, ‘ஸ்டிக் அப் ஃபார்’ எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஆதரவளித்தார்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். தமிழில் வேறு சொல்லே இல்லையா?

பதில்: வணக்கம் ஐயா. சொற்கள் மிகுதியாகவே இருக்கின்றன. செய்தி அறையில் நேரம்தான் இல்லை.

ஆளைத் தாங்கினால் ‘ஆதரவு’, கூற்றைத் தாங்கினால் ‘ஆதாரம்’ என்று தமிழ் பிரித்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவைபோலத் தோன்றினாலும் வடமொழியில் வெவ்வேறு சொற்கள்: ஒன்று மதிப்பைக் குறிக்கும் ‘ஆதர’, மற்றொன்று அடிப்படையைக் குறிக்கும் ‘ஆதார’. ஆகவே ‘அவர் கூற்றுக்கு ஆவணங்கள் ஆதரவளிக்கின்றன’ என்று நாளிதழில் படிக்கும்போது எனக்கு உறுத்துகிறது; ஆவணங்கள் ஆதாரமாகத்தான் இருக்க முடியும்.

‘ஸ்டாண்ட் பை’க்குப் ‘பக்கத்தில் நின்றான்’, ‘துணை நின்றாள்’ என்பவை சொல்லுக்குச் சொல் பொருந்திவிடுகின்றன. இதில் காலம் நீள்கிறது. கணவனுக்கு வேலை போய்விட்ட இரண்டு ஆண்டுகளும் அவனை விட்டு நீங்காமல் குடும்பத்தை நடத்திய மனைவி ‘ஸ்டுட் பை ஹிம்’. வேலை போனதற்கு அவன் சொல்லும் காரணத்தை உறவினர் முன்னால் ‘ஆமாம், அப்படித்தான் நடந்தது’ என்று அவள் உறுதிப்படுத்தினால்தான் ‘பேக்டு ஹிம் அப்’. முன்னதைச் செய்துகொண்டே பின்னதைச் செய்ய மறுத்த மனைவிகள் நம் குடும்பங்களில் உண்டு. அதே ‘ஸ்டாண்ட் பை’ செயப்படுபொருள் இல்லாமல் வந்தால் நேரெதிராகிவிடும் என்பதை மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டும்: ‘தே ஸ்டுட் பை அண்ட் வாட்ச்டு’ என்றால் கைகட்டி வேடிக்கை பார்த்தார்கள் என்று பொருள்.

‘ப்ராப் அப்’க்குத் ‘முட்டுக் கொடுத்தல்’ என்பதைவிடச் சிறந்த சொல்லைத் தேடவே வேண்டாம். தார் போட்ட வாழை காற்றில் சாயாமல் இருக்கச் சவுக்குக் கழியை நட்டுத் தாங்கவைப்பதை உங்கள் பக்கத்தில் அப்படித்தானே சொல்வார்கள்? தானாக நிற்க முடியாதது என்ற குறிப்பு இரண்டு மொழியிலும் இருக்கிறது. ஆட்டங்காணும் கூட்டணி அரசைச் சிறு கட்சி ஒன்று தாங்கினால், அங்கேயும் ‘ப்ராப் அப்’, இங்கேயும் முட்டு. இன்றைய இளைஞர்கள் சமூக ஊடகங்களில், தலைவர் எதைச் செய்தாலும் நியாயம் கற்பிக்கிறவரைப் பார்த்து ‘முட்டுக் கொடுக்கிறான்’ என்று கேலி செய்வது, பழைய சொல்லுக்குப் புது உயிர் கொடுத்திருக்கிறது.

‘ஸ்டிக் அப் ஃபார்’ என்பதற்கு ‘வக்காலத்து வாங்குதல்’ நெருங்கி வரும், ஆனால் முழுவதும் பொருந்தாது. வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம்தான் வக்காலத்து. ‘அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்று கண்டிக்கும் குரலில்தான் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகிறோம். ஆங்கில வினையில் அந்தக் கண்டிப்பு இல்லை. பள்ளியில் கிண்டல் செய்யப்பட்ட சிறுவனுக்காக அவன் தோழி எதிர்த்துப் பேசினால் அது பாராட்டு. அங்கே ‘பரிந்து பேசினாள்’ என்பது மேல்.

‘பின்பாட்டு’, ‘ஒத்து ஊதுதல்’ ஆகியவற்றையும் சிலர் ‘பேக் அப்’க்குப் பரிந்துரைத்து எழுதியிருந்தார்கள். நாகசுரத்தோடு ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒத்துக் குழல் இசையில் பெருமைக்குரியது. வழக்கில் மட்டும் ஏனோ இழிவாகிவிட்டது. ‘தம்பி அண்ணனுக்கு ஒத்து ஊதினான்’ என்று எழுதினால், தம்பிக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று ஆகிவிடும். ‘தம்பியும் அதையே உறுதிப்படுத்தினான்’ என்று எழுதினால் குற்றமில்லை. கட்சிகள் ஒன்றுக்கொன்று உதவுவதைச் சொல்லும்போது ‘பக்கபலம்’ என்ற சொல் இருக்கவே இருக்கிறது.

கேள்வி (வசன மொழிபெயர்ப்பாளர், சென்னை): ஆங்கிலத் தொடர்களில் காவலர் வாக்கிடாக்கியில் ‘ஐ நீட் பேக்கப்’ என்கிறார். ‘எனக்கு ஆதரவு வேண்டும்’ என்று வசனம் எழுதியதைத் தயாரிப்பாளர் நீக்கிவிட்டார். விண்வெளி வீரர் பற்றிய ஆவணப்படத்தில் ‘பேக்கப் குரூ’ என்றும் வருகிறது. என்ன எழுதலாம்?

பதில்: நீக்கியவர் செய்தது சரி. துப்பாக்கிச் சூட்டின் நடுவே யாரும் ஆதரவு கேட்க மாட்டார்கள், ஆள் கேட்பார்கள். ‘இன்னும் ஆள் அனுப்புங்க’ என்று எழுதுங்கள். உதட்டசைவுக்கும் நீளம் ஒத்துவரும். உயர் அதிகாரி பேசும் காட்சியானால் ‘கூடுதல் படை’ பொருந்தும்.

‘பேக்கப் குரூ’ வேறு. அது உதவிக்குப் பின்னால் வரும் படை அன்று. முதல் குழுவுக்கு ஏதேனும் நேர்ந்தால் அந்த இடத்தில் அப்படியே ஏறி உட்காரும் மாற்றுக் குழு. 1984 ஏப்ரலில் சோயுஸ் டி-11 விண்கலத்தில் ராகேஷ் சர்மா சென்றபோது, அதே பயிற்சியை முழுமையாக முடித்துவிட்டுத் தரையில் இருந்தவர் ரவீஷ் மல்ஹோத்ரா. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்றபோது அந்த இடத்தில் இருந்தவர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். மாற்று ஆளுக்கு உண்மையிலேயே வேலை வந்ததும் உண்டு: 1970-இல் அப்போலோ 13 புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், கென் மாட்டிங்லிக்கு ரூபெல்லா தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தால் அவரை நிறுத்திவிட்டு, மாற்றுக் குழுவிலிருந்த ஜாக் ஸ்விகர்ட்டை அனுப்பினார்கள். மாட்டிங்லிக்கு அந்த நோய் வரவே இல்லை. ஆவணப்படத்தில் ‘மாற்றுக் குழு’ என்றே எழுதுங்கள். ‘ஆதரவுக் குழு’ என்று எழுதினால், அப்போலோ காலத்தில் ‘சப்போர்ட் குரூ’ என்று தனியாக இருந்த மூன்றாவது குழுவோடு குழம்பிவிடும்.